பன்னிரண்டு கிலோ எழுநூறு

ஜெயபாலன் குண்டை மூன்று தடவை தராசில் வைத்து எடுத்தான். மூன்று தடவையும் பதினொன்று புள்ளி ஆறு. தராசுதான் கெட்டுப்போயிருக்கும் என்று பக்கத்தில் கிடந்த ஐந்து கிலோ வெல்டிங் கம்பிப் பெட்டியைத் தூக்கி வைத்தான். ஐந்தும் அட்டைப்பெட்டியின் எடையும் சொல்லி வைத்தாற்போல் காட்டியது. தராசுக்கு ஒரு நோயும் இல்லை, நோய் குண்டுக்குத்தான்.

"அலமாக்!" என்று தலையில் கை வைத்தான். பட்டறையில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்ததால் அதைக் கேட்க ஆளில்லை.

அது என்ன குண்டு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்துக்காரர்களின் ஹைலண்ட் கேம்ஸில் குண்டு வீச்சு என்று ஒன்று உண்டு. குறுக்குக் கம்பிக்கு முதுகைக் காட்டி நின்று, வளையம் மாட்டிய குண்டை ஒரே கையால் காலிடுக்கில் ஊசலாட்டி, தலைக்கு மேலே வீசிப் பின்னால் இருக்கும் கம்பியைத் தாண்ட வைக்க வேண்டும். பெண்களுக்கு இருபத்தெட்டு பவுண்டு, நம் கணக்கில் பன்னிரண்டு கிலோ எழுநூறு. வீசியதும் நகர்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மண்டை மிஞ்சாது. சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் பாசிர் கூடாங்கில் குடியிருக்கிற ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு, அதுவும் நாற்பத்து மூன்று வயதில், இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

ஜெயபாலனின் மனைவி பிரேமலா தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை பார்த்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இடுப்பு எலும்புத் தட்டு விலகி விழுந்தாள். நான்கு மாதம் படுக்கை. கழிவறைக்குக்கூட ஜெயபாலன்தான் தூக்கிக்கொண்டு போனான். அவள் வலியில் அலறிய அலறல் அவன் காதைவிட்டு இன்னும் போகவில்லை. அந்த நேரத்தில் வந்தவள்தான் லோஷினி. ஸ்காட்லாந்தில் படித்துவிட்டு வந்த உடற்பயிற்சி மருத்துவப் பெண். முதலில் படுக்கையில் காலை அசைக்கச் சொன்னாள், அப்புறம் நிற்கச் சொன்னாள், அப்புறம் வெறும் இரும்புக் கம்பியைக் கையில் கொடுத்துத் தரையிலிருந்து தூக்கச் சொன்னாள். இருபது கிலோ. பிரேமலா ஒரு பள்ளிக்கூட நோட்டை வாங்கித் தேதி போட்டு எழுத ஆரம்பித்தாள். இருபது, இருபத்தைந்து, முப்பது. இரண்டு வருஷத்தில் தொண்ணூறு கிலோவைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்தாள். லோஷினி படித்த ஊரில் குண்டு வீசியவள். "அக்கா, நீங்களும் வீசலாம், உங்க இடுப்பு இப்ப என் இடுப்பவிட ஸ்ட்ராங்" என்று ஒரு நாள் கொளுத்திப் போட்டாள். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

குண்டு செய்து கொடுத்தவன் சாட்சாத் ஜெயபாலன். டிசம்பர் மழையில் ஊரே நனைந்துகொண்டிருந்த சமயம் அது. ஒரு துண்டு இரும்புக் குழாயின் இரண்டு வாயையும் தகட்டால் அடைத்து, சங்கிலியும் வளையமும் மாட்டி, மேலே ஒரு துளை போட்டு, பக்கத்து வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலை அள்ளி நிரப்பினான். மணல் சொதசொதவென்று இருந்தது. ஈர மணலை உள்ளே வைத்துக்கொண்டு துளையை வெல்டிங் வைத்து மூடினால் நீராவி முட்டி வெடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் ஒரு போல்ட்டை மாட்டி முறுக்கிவிட்டான். எடை சரியாகப் பன்னிரண்டு எழுநூறு. தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டான்.

அந்தக் கெட்டிக்காரனுக்கு அப்புறம் தோன்றாமல் போனது என்னவென்றால், வெடிக்காதபடி விட்ட வழியில் ஈரம் வெளியே போகும் என்பது. குண்டு வைத்த இடத்தில் மாதக்கணக்காகத் துருத் தண்ணீர் கறை இருந்தது. "செடிக்கு ஊத்தற தண்ணிய இங்க ஏன் ஊத்தற?" என்று பிரேமலாவைத் திட்டிக்கொண்டே அவன்தான் அதைத் தேய்த்துக் கழுவினான். வெயில் ஏற ஏற அந்தக் கறையும் நின்றுவிட்டது. இன்று சங்கிலி வளையம் தேய்ந்திருக்கிறதே என்று பட்டறைக்கு எடுத்து வந்தவன், பழக்கதோஷத்தில் தராசில் வைத்தான்.

ஒரு கிலோ நூறு கிராம் காணோம்.

அப்படியானால் நோட்டில் ஏறிக்கொண்டே போன அளவுகள் எல்லாம்? ஜனவரியில் இரண்டு மீட்டர் நாற்பது, ஏப்ரலில் இரண்டு எண்பத்தைந்து, போன வாரம் மூன்று மீட்டர் இருபது. அன்று பிரேமலா திடலில் குதித்த குதியில் பக்கத்து வீட்டுச் செல்லம் அக்கா கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். அதில் பிரேமலாவின் பலம் எவ்வளவு, காய்ந்துபோன தண்ணீர் எவ்வளவு?

உண்மையைச் சொல்ல வேண்டும். ஜெயபாலனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி.

ஏனென்றால் ஒரு சத்தியம் இருந்தது. ஏப்ரலில் ஒரு நாள் பயிற்சி முடிந்து வந்த பிரேமலா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாதாரணப் பிடிப்புத்தான், மறுநாளே விட்டுவிட்டது. ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? ஜெயபாலன் வீடே அதிரக் கத்தினான். "இனிமே அந்தக் குண்டத் தொட்டே, தூக்கி லோங்கான் சாக்கடையில வீசிருவேன்!" பிரேமலா எழுந்து போனாள். குண்டைத் தூக்கி வந்து சாமி மேடைக்கு முன்னால் வைத்தாள். அதன்மேல் ஒரு சூடத்தை வைத்து ஏற்றினாள்.

"கைய வைங்க" என்றாள். "ஜூலையில கேம்ஸ் வருது. அன்னிக்கு நான் எவ்ளோ உயரம் வீசணும்னு நீங்களே சொல்லுங்க. வீசிட்டா அதுக்கப்புறம் இதப் பத்தி நீங்க வாயத் தொறக்கக் கூடாது. வீசலன்னா, அன்னியோட நான் குண்டத் தொட மாட்டேன்."

அவளால் முடியவே முடியாது என்று நினைத்து அவன் மூன்று மீட்டர் இருபது என்றான்.

"இந்த இருபத்தெட்டு பவுண்டு மேல சத்தியம்" என்று அவள் சொன்னாள். அவனும் சொன்னான். அவள் உள்ளங்கையால் சூடத்தை அணைத்தாள்.

பிரேமலா சத்தியம் செய்தால் செய்ததுதான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஜெயபாலன் டெங்கியில் கிடந்தபோது, அவன் பிழைத்தால் தேத்தண்ணியை விட்டுவிடுவதாக வேண்டிக்கொண்டாள். அவன் பிழைத்தான். இன்றைக்கும் சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் தே தாரிக் குடிக்கும்போது அவள் மட்டும் சுடுதண்ணீர் குடிக்கிறாள்.

ஆக, ஒரு வார்த்தை பேசாமல் குண்டை எடுத்துப் போய்ப் பழைய இடத்தில் வைத்துவிட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை போட்டியில் சரியான குண்டைக் கொடுப்பார்கள். அவளுக்கு ஏறாது. சூடம் அணைத்த கை, குண்டை அதற்குமேல் தொடாது. அவன் மேல் ஒரு பழியும் இல்லை. நினைக்க நினைக்க நெஞ்சு லேசாகியது.

கொஞ்ச நேரம்தான். அப்புறம் வேறொன்று தோன்றியது. ஐந்தாறு மாதமாகக் குறைந்த எடைக்குப் பழகிய உடம்பு, திடீரென்று கூட ஒரு கிலோவை வெறிகொண்டு இழுத்தால்? இந்தத் தடவை இடுப்பு விலகினால்? அதற்கு அவன்தானே பொறுப்பு? சாப்பாட்டுப் பொட்டலத்தை அவன் பிரிக்கவே இல்லை. லோஷினிக்குப் போன் போட்டான்.

"லோஷினிமா, சும்மா ஒரு சந்தேகம். பழகற குண்டு கொஞ்சம் எட கம்மியா இருந்து, போட்டியில சரியான குண்டு வந்தா என்னாகும்?"

"டைமிங் போயிரும் அங்கிள். கை முந்திக்கும், இடுப்பு பின்னால மாட்டிக்கும். ஏன் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல லா. சும்மாதான்."

இந்த இடத்தில் நல்ல மனுஷனாக இருந்தால் நேரே வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருப்பான். சொன்னால் அவள் முகம் எப்படிப் போகும் என்று பயம். 'நான் தோக்கணும்னே செஞ்சீங்களா?' என்று கேட்டுவிடுவாளோ என்று அதைவிடப் பெரிய பயம், சற்றுமுன் பட்ட சந்தோஷம் உள்ளே உறுத்திக்கொண்டிருந்ததே! அதனால் ஜெயபாலன் ஒரு காரியம் செய்தான். போல்ட்டைக் கழற்றி, கீழே கிடந்த இரும்பு நட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டு, தராசு பன்னிரண்டு எழுநூறு காட்டியதும் மூடினான். புது வளையத்தை மாட்டினான். ஆறு நாள் சரியான எடையில் பழகினால் டைமிங் வந்துவிடும், யாருக்கும் தெரியவும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை மாலை வீட்டுக்கு எதிரே திடலில் பிரேமலா கம்பியை மூன்று இருபதில் வைத்தாள். குண்டு கம்பிக்கு ஒரு முழம் கீழேயே திரும்பிவிட்டது. மறுபடியும் வீசினாள். மறுபடியும் அப்படியே. கம்பியை மூன்று பத்துக்கு இறக்கினாள், தட்டியது. இரண்டு தொண்ணூற்றைந்தில்தான் தாண்டியது. அவள் குண்டைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தாள்.

"டயர்ட் ஆ இருக்கும்" என்றான் ஜெயபாலன்.

"ஆமா" என்றாள். அன்று நோட்டில் எழுதும்போது பேனாவை வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

புதன் ஓய்வு. வியாழன் இரண்டு தொண்ணூறுகூடத் தகராறு செய்தது. பயம் வந்துவிட்டால் உடம்பு சொன்னபடி கேட்குமா? அவள் ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது, "என்னங்க, இடது கால் கொஞ்சம் மரத்துப்போற மாதிரி இருக்கு" என்றாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் எல்லாம் ஆரம்பித்ததும் இடது காலில்தான். ஜெயபாலன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. வாய் மட்டும், "தைலம் தேச்சு விடவா?" என்றது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தவன் செருப்பைக் கழற்றும்போதே பார்த்தான். கூடத்தில் பிரேமலா தரையில் மல்லாந்து கிடந்தாள். இரண்டு காலும் நாற்காலிமேல். அந்த நான்கு மாதமும் வலி தாங்காதபோது அவள் படுத்துக்கிடந்த அதே மாதிரி. கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

"வலிக்குதா?"

"வலிக்கல. வரப் போவுதோன்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள். "எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. திரும்ப வருது. அஞ்சு நாள்ல யாருக்காச்சும் முப்பது சென்டிமீட்டர் கொறையுமா? நீங்க சொன்னது சரிதான். லோஷினிக்குப் போன் பண்ணி நான் வரலன்னு சொல்லிருங்க."

நீங்க சொன்னது சரிதான். இந்த ஒரு சொல்லைக் கேட்க அவன் எத்தனை மாதம் சண்டை போட்டிருப்பான்! இன்று அது காதில் விழுந்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஜெயபாலன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். ஈர மணல், துருத் தண்ணீர், தராசு, நட்டு என்று எல்லாவற்றையும் கொட்டினான். குண்டு எடை குறைந்ததில் முதலில் சந்தோஷப்பட்டதையும் சொன்னான். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்தான். ஆனால் அது உள்ளே இருந்தால் மறுபடியும் அழுகும் என்று தோன்றியது.

பிரேமலா காலை நாற்காலியிலிருந்து இறக்கினாள். யார் கையையும் பிடிக்காமல் எழுந்து உட்கார்ந்தாள்.

"மணல் காஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? அது போவட்டும்" என்றாள். குரல் தணிந்துதான் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "செவ்வாய்க்கிழமையிலருந்து நான் செத்துச் செத்துப் பொழைக்கறேன். பாத்துக்கிட்டே இருந்தீங்களே! தைலம் தேச்சுவிடவான்னு கேட்டீங்களே! ஒரு வார்த்த சொல்ல வாய் வரலயா உங்களுக்கு?"

"பயந்துட்டேன் பிரேமா."

"உங்க பயத்தத் தூக்கறதுதான் எனக்குக் குண்டத் தூக்கறதவிடக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "நாளைக்குத் தராசக் கொண்டாங்க. என் கண்ணு முன்னால வைங்க. உங்க வாய இனிமே நம்ப மாட்டேன்."

சனிக்கிழமை தராசு வீட்டுக்கு வந்தது. அவள் முன்னால் குண்டை வைத்தான், பன்னிரண்டு எழுநூறு. நட்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு வைத்தான், பதினொன்று ஆறு. அவள் நோட்டை எடுத்து, மாதக்கணக்கான அளவுகளின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். தாளைக் கிழிக்கவில்லை. இடது காலைப் பற்றி அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க அவனிடம் பேசவும் இல்லை. "போட்டிக்குப் போவியா?" என்று அவன் கேட்டபோது மட்டும், "சூடம் அணச்சாச்சு" என்றாள்.

போட்டி பக்கத்து ஊரான மாசாயில் ஒரு திடலில். ஸ்காட்லாந்து விளையாட்டு என்றால் கட்டம் போட்ட கில்ட் பாவாடை கட்டியே ஆக வேண்டும், அது சட்டம். பத்து பாகாட் என்ற ஊரில் தையல் வேலை பார்க்கும் அவள் தங்கை யோகேஸ்வரி, கைலித் துணியில் மடிப்பு வைத்துத் தைத்து அனுப்பியிருந்தாள். நடுவர் வெள்ளைக்காரர், துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஒலிபெருக்கியில் பைப் வாத்தியம் கிறீச்சென்று கத்தியது. பெண்கள் ஏழு பேர். சிங்கப்பூரிலிருந்து வந்த இருவர் அவளைப்போல் இரண்டு மடங்கு இருந்தார்கள்.

ஜெயபாலன் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் காலை அகட்டி நின்று குண்டை ஊசலாட்டும் ஒவ்வொரு தடவையும் இவன் இடுப்பு இறுகியது. இரண்டு எழுபது தாண்டியது. இரண்டு எண்பத்தைந்து தாண்டியது. மூன்று மீட்டரில் முதல் வீச்சு கம்பியைத் தட்டியது, இரண்டாவது தாண்டியது. அடுத்து மூன்று மீட்டர் ஐந்து சென்டிமீட்டர். அவள் மூச்சை இழுத்தாள். முருகா, ஜெயிக்கவே வேண்டாம், நடந்து வந்தால் போதும் என்று இவன் வேண்டினான். குண்டு மேலே போய், கம்பிமேல் ஒரு கணம் யோசிப்பதுபோல் நின்று, அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தது. லோஷினி கத்திய கத்தலில் பைப் வாத்தியமே அடங்கிவிட்டது.

மூன்று மீட்டர் இருபதில் மூன்று வாய்ப்பு. முதல் வீச்சு கீழே. இரண்டாவது கீழே. மூன்றாவது கம்பியைத் தட்டிக் கம்பியோடு விழுந்தது.

பிரேமலா குனிந்து குண்டை எடுத்து நடுவரிடம் கொடுத்தாள். நிமிர்ந்து, தன் காலில் தானாக நடந்து கயிற்றருகே வந்தாள். நோட்டை ஜெயபாலன் கையில் வைத்தாள்.

"முடிஞ்சுது. வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள். அழவில்லை. தே தாரிக்கை விட்ட அன்றும் அவள் முகம் இப்படித்தான் இருந்தது.

ஜெயபாலன் விரும்பியது அத்தனையும் நடந்துவிட்டது. மனைவி நலம், இடுப்பு நலம், குண்டு இனி வீட்டில் இல்லை. மனுஷன் வாயைத் திறக்காமல் காரை எடுத்திருக்க வேண்டும். ஆனால் அவன் காரின் பின்பக்கத்தைத் திறந்து, அவள் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளக் கொண்டுவந்திருந்த தன் குண்டை வெளியே எடுத்தான். ஸ்பேனரால் போல்ட்டைக் கழற்றினான். புல்மேல் கவிழ்த்தான். மாவு மாதிரிக் காய்ந்த மணல் கொட்டியது.

"என்னங்க பண்றீங்க? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஏப்ரல்ல நம்ம கைய வச்சது இது மேலதானே? இருபத்தெட்டு பவுண்டு மேல சத்தியம்னு சொன்னோம். இதுல எங்க இருக்கு இருபத்தெட்டு பவுண்டு? அன்னிக்கே காஞ்சுபோன குண்டு. பொய்க் குண்டு மேல அடிச்ச சூடம் செல்லாது."

"சாமிகிட்ட வியாபாரம் பேசாதீங்க."

"சாமிக்கு எட தெரியாதா? அதுக்குத் தெரியும். செஞ்சவன் நான், பாவம்னா எனக்கு வரட்டும். சரியான குண்டுல ஜனவரியில ரெண்டு நாப்பது வீசின. இன்னிக்குச் சரியான குண்டுல மூணு அஞ்சு வீசியிருக்க. இது ரெண்டும்தான் நெசம். மத்ததெல்லாம் என் மணல்."

பிரேமலா அவனையே பார்த்தாள். "உங்களுக்குப் பயம் போயிருச்சா?"

"போவல" என்றான். "நீ ஒவ்வொரு தடவ வீசும்போதும் எனக்கு உயிர் போயிப் போயி வருது."

"பின்ன எதுக்கு இதெல்லாம்?"

"வெள்ளிக்கிழம நீ தரையில படுத்துக்கிட்டு, நீங்க சொன்னது சரிதான்னு சொன்னியே. அதப் பாக்கறதுக்கு இந்தப் பயமே தேவல, பிரேமா."

அவள் அவன் கையிலிருந்த நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு காரில் ஏறினாள். பாதி வழியில், "இந்தத் தடவ மணல வறுத்துப் போடுங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே கார் நிறுத்தும் இடத்தில் அடுப்பை வைத்துப் பழைய குவாலிச் சட்டியில் புது மணலை வறுத்தான் ஜெயபாலன். செல்லம் அக்கா வேலிப் பக்கம் எட்டிப் பார்த்து, "என்ன பாலா, கச்சான் கடலை வறுக்கறியா? எங்களுக்கும் ஒரு பொட்டலம் குடு" என்றார். ஈரம் ஒரு பொட்டு இல்லாமல் போன பிறகு, மணலையும் நட்டுகளையும் நிரப்பித் தராசில் வைத்தான். இந்தத் தடவை போல்ட் மாட்டவில்லை. வெல்டிங் மெஷினை எடுத்துத் துளையை ஒரேயடியாக மூடினான். மறுபடியும் தராசில் வைத்தான். பிரேமலா குனிந்து பார்த்தாள், பன்னிரண்டு எழுநூறு. நோட்டில் புதுப் பக்கம் திருப்பி அந்த எடையை எழுதி, பேனாவை அவனிடம் நீட்டினாள். அவன் கையெழுத்துப் போட்டான்.

சூடு ஆறியதும் குண்டைச் சாமி மேடைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து, அவனே ஒரு சூடத்தை ஏற்றினான்.

"இப்ப என்ன சத்தியம்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம்" என்றான். "சும்மா கும்பிட்டுக்க."